காடைக் குஞ்சின் காலிக் குடல்

கேள்வி: "தர்மபுரி பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு வருடமாகக் காடை வளர்க்கிறேன். ஒரு தொகுதிக்கு ஆயிரம் குஞ்சு. குஞ்சு விற்றவர் சொன்னபடி, இறக்கிய அன்றிலிருந்து ஐந்து நாள் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் பவுடர் கலந்து கொடுக்கிறேன். அப்படியும் போன தொகுதியில் முதல் வாரத்திலேயே நூற்றுக்கு மேல் செத்துவிட்டன. ராத்திரி கரண்ட் போய் வந்த மறுநாள் மூலையில் குவியலாகக் கிடக்கின்றன. தப்பிப் பிழைத்தவற்றிலும் சில, மூன்று நான்கு வாரத்தில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்து, வெள்ளையாக நீர்போல் கழிந்து இரண்டு நாளில் போய்விடுகின்றன. நன்றாக இருக்கும் காடைகளும் சில நேரம் பழுப்பாக, பசைபோல், நாற்றத்தோடு எச்சம் போடுகின்றன. 'நல்ல கிருமி பவுடர்' என்று ஒருவர் விற்க வருகிறார். அம்மா, தயிர் போதாதா என்கிறார். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகளோ, காடை பயப்படுவதும் பயப்படாததும்கூடக் குடல் கிருமியைப் பொறுத்தது என்கிறாள். எதை நம்புவது டாக்டர்?"

பதில்:

பழுப்புப் பசையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது நோயே இல்லை.

காடையை அறுத்துச் சுத்தம் செய்யும்போது பார்த்திருப்பீர்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வால் மாதிரி ஒவ்வொரு குழாய் ஒட்டிக்கொண்டிருக்கும். நுனி மூடியிருக்கும், உள்ளே கரும்பழுப்பாகக் கூழ் இருக்கும். இதைக் குருட்டுக்குடல் என்கிறோம். நமக்கும் குருட்டுக்குடல் உண்டு, ஆனால் ஒன்றுதான், அதுவும் குட்டையானது. கோழி, காடை, வான்கோழி இனத்துக்கு இரண்டு, நன்றாக நீண்டவை. காடையின் உடம்பில் கிருமிகள் மிக நெருக்கமாகக் குடியிருப்பது இங்கேதான். தீனியில் கரடுமுரடான சக்கை நேராக வெளியே போய்விடும். திரவமும் நுண்துகளும் மட்டும் இந்தப் பைகளுக்குள் புகுந்து, பல மணி நேரம் தங்கி, புளிக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு தடவை பை தன்னைக் காலி செய்துகொள்ளும். நீங்கள் பார்க்கும் பழுப்புப் பசை அதுதான். மேலே வெள்ளைத் தொப்பி வைத்த சாதாரண எச்சங்களுக்கு நடுவே இடையிடையே அது தென்பட்டால் குருட்டுக்குடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்றம் இருக்கத்தான் செய்யும். அது இரத்தம் கலந்தோ, நுரைத்து நீர்த்தோ, எல்லாக் காடைகளிடமும் ஓயாமலோ வந்தால்தான் கவலை.

இதே போல இன்னொரு வீண் பயமும் உண்டு. வயதுக்கு வந்த ஆண் காடையின் பின்புறம் அழுத்தினால் ஷேவிங் கிரீம் போல வெள்ளை நுரை வரும். அதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆண் காடைக்கு அங்கே ஒரு சுரப்பி இருக்கிறது, அதன் சுரப்புதான் அந்த நுரை. நுரை நன்றாக வந்தால் ஆண் இனப்பெருக்கத்துக்குத் தயார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாவுக்கு வருவோம். நீங்கள் குடல் கிருமியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நானும் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் முதல் வாரத்தில் மூலையில் குவிந்து செத்த நூறு குஞ்சுகளுக்கான பழியை அந்தக் கிருமியின் மேல் போட மாட்டேன். கரண்ட் போன இரவு, மூலை, குவியல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். குளிரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சுத் திணறிப் போயிருக்கின்றன. ஒரு நாள் காடைக் குஞ்சு ஏழெட்டு கிராம்தான் இருக்கும், ஒரு நெல்லிக்காய் அளவுகூட இல்லை. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெம்பு கிடையாது. முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் மட்டத்தில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். தர்மபுரி மார்கழிக் குளிரில் பல்பு ஒரு மணி நேரம் அணைந்தாலே போதும். குஞ்சுகளைச் சுற்றி வட்டமாகத் தகடு வையுங்கள், மூலையே இருக்கக் கூடாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல்லோ கோலிக்குண்டோ போடுங்கள். இந்த அளவுக் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். இதற்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்?

அந்தப் பவுடர் உதவாதது மட்டுமில்லை, கெடுதலும் செய்கிறது என்பது என் கட்சி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காட்டில் ஒரு காடை அடைகாத்துக் குஞ்சு பொரித்தால், குஞ்சு வெளியே வந்த கணமே தாயின் எச்சத்தைக் கொத்தும், தாய் கிளறிய மண்ணைக் கொத்தும், தாயின் இறகுக்குள் ஒடுங்கும். தாயின் குடலில் பல தலைமுறையாகக் குடியிருக்கும் கிருமிகள் குஞ்சுக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974இல் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த இனம் இது. வளர்ப்புப் பறவையாகி, அடை உட்காரும் குணத்தையே ஏறக்குறைய தொலைத்துவிட்டது. முட்டையை எடுத்து, பார்மலின் புகை காட்டி, இன்குபேட்டரில் வைக்கிறோம். பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு வருகிறது. தாயை அது பார்ப்பதே இல்லை. அதனால் குடல் ஏறக்குறைய காலியாகவே உங்கள் பண்ணைக்கு வந்து இறங்குகிறது. பூட்டிய வீடு என்றால்கூடப் பரவாயில்லை, இது கதவு திறந்து கிடக்கும் காலி வீடு. முதலில் யார் நுழைகிறார்களோ அவர்கள் இடம் பிடித்துவிடுவார்கள்.

இதைப் பின்லாந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது பெரிய கதை. 1971இல் அந்த நாட்டுக் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா என்ற குடல் நோய்க் கிருமி பரவியது. எஸ்கோ நுர்மி என்ற ஆய்வாளர், சின்னக் குஞ்சுக்குத்தான் இது இத்தனை சுலபமாகத் தொற்றுகிறது, வளர்ந்த கோழி தாக்குப்பிடிக்கிறது, ஏன் என்று யோசித்தார். வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடலில் இருந்ததை எடுத்து, அன்று பொரித்த குஞ்சுகளின் வாயில் ஊட்டினார். பிறகு சால்மொனெல்லா கொடுத்துப் பார்த்தார். ஊட்டிய குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொற்றவில்லை. 1973இல் ரந்தலா என்பவரோடு சேர்ந்து இதை வெளியிட்டார். இன்றும் கோழி மருத்துவத்தில் 'நுர்மி முறை' என்றுதான் சொல்கிறோம். பேருந்தில் எல்லா சீட்டிலும் ஆள் உட்கார்ந்திருந்தால் பிக்பாக்கெட்காரனுக்கு உட்கார இடமில்லை, அவ்வளவுதான். இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, அங்கிருக்கும் உணவையும் நல்ல கிருமிகள் தின்று தீர்த்துவிடும். அவை வெளிவிடும் அமிலமும் சால்மொனெல்லாவுக்கு ஆகாது.

இதை மறுபக்கமிருந்தும் காட்டியிருக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவில் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரே ஒரு வேளை கொடுத்துவிட்டு சால்மொனெல்லாவை ஊட்டினார்கள். மருந்து கொடுக்காத எலிக்குத் தொற்ற லட்சம் கிருமி வேண்டியிருந்தது. மருந்து குடித்த எலிக்குப் பத்துக்கும் குறைவே போதுமாக இருந்தது. மருந்து நோயைத் தடுக்கும் என்று நாம் நினைக்கிறோம். அங்கே அது குடியிருந்தவர்களைக் காலி செய்து கதவைத் திறந்துவிட்டது.

இப்போது உங்கள் ஐந்து நாள் பவுடரை நினைத்துப் பாருங்கள். காலிக் குடலில் முதல் குடிகள் வந்து இறங்கும் அதே ஐந்து நாளில் நீங்கள் மருந்தூற்றுகிறீர்கள். மருந்து நின்ற ஆறாம் நாள், அதைத் தாங்கி மிஞ்சியவை எவையோ, தரையிலும் தண்ணீரிலும் காத்திருப்பவை எவையோ, அவை வந்து உட்காரும். மூன்று நான்கு வாரத்தில் நீங்கள் காணும் கழிச்சலுக்கு இது மட்டும்தான் காரணம் என்று கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வழி திறந்துவிடக்கூடியது இது.

அந்த வயதில், அந்த அறிகுறியோடு காடையில் நான் முதலில் சந்தேகிப்பது புண் குடலழற்சி. கிளாஸ்ட்ரிடியம் கோலினம் என்ற பாக்டீரியாவால் வருவது. எத்தனையோ பறவைக்கு வந்தாலும் காடைக்குத்தான் மிகக் கடுமையாக வரும் என்பதால் இதற்கு ஆங்கிலத்தில் காடை நோய் என்றே பெயர். அறுத்துப் பார்த்தால் குடலின் உள்சுவரில் சட்டைப் பொத்தான் போல வட்டமான புண்கள் தெரியும். சில நேரம் வெளிப்பக்கமிருந்தே மஞ்சள் புள்ளியாகத் தெரியும், ஈரலிலும் திட்டுகள் இருக்கும். இந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் நெடுங்காலம் கிடக்கும், எச்சத்தில் உட்கார்ந்து பறக்கும் ஈயும் அதைச் சுமந்து போகும். அதனால்தான் கம்பிவலைத் தரைக் கூண்டில் இது குறைவு, தரையில் தேங்காய்நார்த் தூளோ உமியோ போட்டு வளர்க்கும் இடத்தில் அதிகம். இரண்டாவது சந்தேகம் இரத்தக் கழிச்சல் என்று நீங்கள் சொல்லும் காக்சிடியோசிஸ். காடைக்கென்று தனி வகை ஒட்டுண்ணிகள் உண்டு, கோழியிலிருந்து அது தொற்றாது. இந்த இரண்டு நோயும் சேர்ந்தே வருவதும் உண்டு. நாட்டுக்கோழிக்காரர்கள் வெள்ளைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட் என்று எடுத்துக்கொள்வார்கள். காடையின் வெள்ளைக் கழிச்சலுக்கு அந்தப் பெயரை அவசரமாக வைத்துவிடாதீர்கள்.

இதில் எது என்று எச்சத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்த்து யாரும் சொல்ல முடியாது, நானும்தான். அன்று செத்த இரண்டு மூன்றையும், கழிச்சலோடு உயிருடன் இருக்கும் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். செத்ததை ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த குடலில் ஒன்றும் தெரியாது. புண் குடலழற்சி என்று உறுதியானால் நானே ஆன்டிபயாட்டிக் எழுதித் தருவேன், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நாள். மருந்தின் மேல் எனக்குப் பகையில்லை. நோயே இல்லாதபோது தீனியிலும் தண்ணீரிலும் கலந்து கொட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். வளர்ச்சிக்காகத் தீனியில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே முற்றாக நிறுத்திவிட்டது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை இறைச்சி விலங்குகளுக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று நம் அரசு 2019இல் தடை செய்தது. உங்கள் பவுடர் டப்பாவின் பின்பக்கம் ஒரு முறை படித்துப் பாருங்கள். உள்ளே என்ன மருந்து என்றே எழுதாத டப்பாவாக இருந்தால் இன்றே தூக்கிப் போடுங்கள்.

'நல்ல கிருமி பவுடரு'க்கும் தயிருக்கும் வருகிறேன். உங்கள் அம்மா சொல்வதில் தப்பில்லை, ஆனால் பறவைக்கு அது பொருந்தாது. தயிரில் இருப்பதும் லாக்டோபேசில்லஸ் இனம்தான், காடையின் தீனிப்பையில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே இனம்தான். இரண்டும் பெயரளவில்தான் பங்காளிகள். 1970களில் ராய் ஃபுல்லர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், பறவையிலிருந்து எடுத்த லாக்டோபேசில்லஸ் கோழியின் தீனிப்பைச் சுவரில் ஒட்டுகிறது, பாலூட்டியிலிருந்து எடுத்தது ஒட்டுவதில்லை என்று காட்டினார். தயிர்க் கிருமி விருந்தாளி போல வந்துவிட்டுப் போகும், குடி இருக்காது. பாலில் இருக்கும் சர்க்கரையும் பறவைக்குச் சரியாகச் செரிக்காது, அதிகமானால் அதுவே கழிச்சல். அதைவிடப் பெரிய தொல்லை, தயிர் கலந்த தண்ணீர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் கெட்டு, குழாயிலும் நிப்பிளிலும் வழுவழுவென்று படிந்துவிடும். அது வேண்டாத கிருமிக்கு விளைநிலம்.

நல்ல கிருமி பவுடரைப் பொறுத்தவரை, எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். எல்லாம் பலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். என்ன கிருமி, ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள கிருமி, எந்தத் தேதி வரை உயிரோடிருக்கும், எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்ற நான்கும் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை வித்து வடிவில் இருப்பதால் தீனி ஆலைச் சூட்டையும் நம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டையும் தாங்கும். லாக்டோபேசில்லஸ் அவ்வளவு கெட்டி கிடையாது. தண்ணீரில் கலந்தால் அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கக் கூடாது, குளோரின் அதையும் கொன்றுவிடும். ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுப்பதும் அப்படித்தான். சிரிக்காதீர்கள், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே சீட்டில் இரண்டையும் காலை வேளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பண்ணைக்காரர் இரண்டையும் ஒரே வாளியில் கலக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

'அப்படியென்றால் நுர்மி மாதிரி நானே வளர்ந்த காடையின் எச்சத்தைக் கரைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கட்டுமா' என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். உங்கள் வளர்ந்த காடைகளில் கழிச்சல் இருக்கிறது. நல்லதோடு கிளாஸ்ட்ரிடியம் வித்தும் காக்சிடியாவும் சேர்ந்து போய்விடும்.

கறவை மாட்டில் மட்டும் நாங்கள் இதைத் துணிந்து செய்கிறோம். மாடு நாள்கணக்கில் அசை போடாமல் நின்றுவிட்டால், ஆரோக்கியமான மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்துப் புகட்டுவோம். இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது சவுண்டல் மரத்தின் கதை. சூபாபுல் என்றும் சொல்வீர்கள். அதன் தழையில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதை மேய்ந்த மாடுகளுக்கு மயிர் கொட்டி, எடை குறைந்து, கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாயில் அதே தழையைத் தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, வித்தியாசம் ஆட்டில் இல்லை, ஆட்டு வயிற்றுக் கிருமியில் இருக்கிறது என்று பிடித்தார். 1980களில் அந்தக் கிருமிகளை ஆஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்ட, அவையும் சவுண்டல் தின்று பிழைத்தன. 1992இல் அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டஸ் ஜோனெசியை என்று வைத்தார்கள். கோலா என்ற ஆஸ்திரேலிய விலங்கு யூகலிப்டஸ் தழை தின்கிறதே, அதன் குட்டி முதல் தழையைக் கடிக்கும் முன் தாயின் குருட்டுக்குடலிலிருந்து வரும் இளகிய மலத்தைத் தின்றுதான் தயாராகிறது. உங்கள் ஊரில் முயல் வளர்ப்பவரைக் கேளுங்கள், முயல் தன் மென்மையான புழுக்கையைக் குனிந்து நேராக வாயால் எடுத்துத் தின்பதைச் சொல்வார். அருவருப்பு நமக்குத்தான்.

காடையின் குருட்டுக்குடலில் நடக்கும் வேலையும் லேசுப்பட்டதில்லை. பறவைக்குச் சிறுநீர் தனியாக வராது, எச்சத்தின் வெள்ளைதான் அதன் சிறுநீர், அதாவது யூரிக் அமிலம். பறவை அதில் ஒரு பகுதியைப் பின்னோக்கித் தள்ளி, பெருங்குடல் வழியாகக் குருட்டுக்குடலுக்கே திரும்ப அனுப்புகிறது. அங்குள்ள கிருமிகள் யூரிக் அமிலத்தை உடைத்து அதிலிருக்கும் நைட்ரஜனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. தண்ணீரும் உப்பும் அங்கே மறுபடி உடம்புக்குள் உறிஞ்சப்படுகின்றன. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து வரும் பியூட்டிரேட் என்ற அமிலம் குடல் சுவர்ச் செல்களுக்கே சாப்பாடு. தீனியில் நார் கூடினால் காடையின் அரைவைப்பை ஓரிரு வாரத்தில் பெருக்கிறது, பழைய தீனிக்கு மாறினால் மறுபடி சுருங்குகிறது. இதனால்தான் தீனியைத் திடீரென்று மாற்றாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நான்கைந்து நாளில் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். கத்திரி வெயிலில் இன்னும் கவனம். பறவை மூச்சிரைத்துச் சூட்டைத் தணிக்கும்போது இரத்தம் தோல் பக்கம் ஓடி, குடலுக்குப் போவது குறையும். குடல் சுவர் தளர்ந்து உள்ளிருக்கும் கிருமி இரத்தத்தில் கசியும். தீனியை விடிகாலையிலும் சாயங்காலமும் வையுங்கள்.

உங்கள் மகள் சொன்னதும் கதையில்லை. பிரான்சின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்தில், முட்டை ஓட்டைக் கிருமி நீக்கி, கிருமியே நுழையாத கூண்டில் பொரிக்கவைத்து, கிருமி நீக்கிய தீனியும் தண்ணீரும் கொடுத்து ஜப்பானியக் காடைகளை வளர்த்தார்கள். பயத்தை எப்படி அளப்பது? குஞ்சை மல்லாக்கப் படுக்கவைத்துக் கையால் சில நொடி மெதுவாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், அது செத்தது போல அசையாமல் கிடக்கும். எத்தனை நேரம் கழித்து எழுகிறது என்று பார்ப்பார்கள். நீண்ட நேரம் கிடந்தால் பயம் அதிகம். நீங்களும் காடையைப் பிடிக்கும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், கிருமியோடு வளர்ந்தவற்றைவிடக் கிருமியில்லாமல் வளர்ந்தவை பயம் குறைந்தவையாக இருந்தன. ஆகவே குடலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது என்பதில் உங்கள் மகள் கட்சிதான் நானும். 'இந்தப் பவுடர் போட்டால் காடை சாதுவாகும்' என்று நாளைக்கு ஒருவர் வந்தால் மட்டும் வாங்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது அவ்வளவு சீக்கிரம் டப்பாவுக்குள் வந்துவிடாது.

அடுத்த தொகுதி இறக்குவதற்கு முன் பழைய தூளை முழுக்க வாரி வெளியே கொட்டி, தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரமாவது ஷெட்டைக் காய விடுங்கள். கரண்ட் போனால் பல்பு எரிய ஒரு இன்வெர்ட்டர், இல்லையென்றால் கரி அடுப்பு ஒன்று தயாராக இருக்கட்டும், புகை வெளியே போக வழி வைத்து. முதல் ஐந்து நாள் தீனியோடு, ஆன்டிபயாட்டிக் கலக்காத சுத்தமான தண்ணீர் கொடுங்கள். நல்ல கிருமி பவுடர் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் லேபிளில் நான்கும் இருப்பதாக வாங்கி, குஞ்சு இறங்கிய முதல் வேளைத் தண்ணீரிலேயே கலந்துவிடுங்கள், பத்தாம் நாள் கொடுத்து அதிகம் பயனில்லை.

இப்போது கழிந்துகொண்டிருப்பவற்றை அதற்குக் காத்திருக்க வைக்காதீர்கள். தர்மபுரியிலேயே கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு எடுத்துப் போகலாம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். சனி, ஞாயிறு வேண்டாம். காலையில் செத்ததைக் காலையிலேயே கொண்டு போங்கள். கூடவே அந்த ஆன்டிபயாட்டிக் பவுடர் டப்பாவையும் எடுத்துப் போங்கள், எந்த மருந்தை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள்.